மத்தியதரைக் கடலில் உங்களுக்கான தீவு எது? மலையும் கடலும் தேடுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

மத்தியதரைக் கடல் தீவு என்று இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பது கிரேக்கத் தீவான சாண்டோரினியின் நீலக் குவிமாடம்தான். அழகான ஊர், மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே காடு கிடையாது. அந்த வெள்ளை வீடுகள் ஏறத்தாழ 300 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் நிற்கின்றன. கடற்கரையில் உட்கார வேண்டுமென்றால் பெரும்பாலும் தீவின் மறுபக்கம் போக வேண்டும். காலையில் மரநிழலில் மலைப்பாதை ஏறி, பிற்பகலில் தெளிந்த நீரில் நீந்த விரும்புகிறவருக்கு அது பொருந்தாத தீவு.

படத்தில் காற்று தெரியாது. வெப்பம் தெரியாது. கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதும் தெரியாது. விடுமுறை நன்றாக அமைவதும் கெடுவதும் இந்த மூன்றால்தான். ஆகவே தீவின் பெயரைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, மாதம், காற்று, நிலம், போக்குவரத்து என்ற வரிசையில் முடிவெடுத்துப் பாருங்கள். நான்காவது கேள்விக்கு வரும்போது பட்டியலில் இரண்டு மூன்று தீவுகளே மிஞ்சியிருக்கும்.

முதல் படி: மாதத்தை முடிவு செய்யுங்கள்

இந்தக் கடலைச் சுற்றிலும் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. கோடை முழுக்க வறட்சி. அதனால் நிலத்தின் பருவமும் கடலின் பருவமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மார்ச் இறுதியிலிருந்து மே நடுப்பகுதி வரை மலைச்சரிவுகள் பச்சையாகவும் பூக்களோடும் இருக்கும். ஓடைகளில் நீர் ஓடும். ஆனால் அப்போது கடல் 14 முதல் 20 டிகிரி செல்சியஸ்தான். வங்காள விரிகுடாவின் வெதுவெதுப்புக்குப் பழகிய உடம்புக்கு அது குளிக்கும் தண்ணீரே அல்ல. செப்டம்பரில் நிலைமை தலைகீழ்: கடல் 24, 25 டிகிரியில் அருமையாக இருக்கும், நிலம் காய்ந்து, பழுப்பேறி, ஓடைகள் வற்றிக் கிடக்கும்.

இரண்டும் ஓரளவு சேர்ந்து கிடைப்பது ஜூன் முதல் பாதியில். நடக்கவும் முடியும், நீந்தவும் முடியும், கூட்டமும் முழுதாக வந்திராது. நீச்சல்தான் முக்கியம் என்றால் செப்டம்பர் இரண்டாம் வாரம் முதல் அக்டோபர் தொடக்கம் வரை. நடைதான் முக்கியம், கடலில் கால் நனைத்தால் போதும் என்றால் மே. தமிழ்நாட்டுப் பள்ளி விடுமுறையில் குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அந்த மே மாதமே வாய்க்கும். கடல் குளிரும் என்பதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது. மே மாதத்தில் கொஞ்சமாவது வெதுவெதுப்பான நீர் வேண்டுமென்றால் கிழக்கே போங்கள். சைப்ரஸ் கடல், மேற்கே உள்ள ஸ்பெயின் தீவான மெனோர்காவின் கடலைவிட முன்னதாகவே சூடேறும்.

ஜூலையும் ஆகஸ்டும்? ஐரோப்பாவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேறு வழியில்லாமல் இந்த மாதங்களே கிடைக்கின்றன. போகலாம், ஆனால் நடையைப் பற்றிய ஆசையைக் குறைத்துக்கொள்ள வேண்டும். 2024 ஜூனில், அதாவது கோடை தொடங்கும்போதே, கிரேக்கத் தீவுகளில் பகல் வெயிலில் நடக்கப்போன வெளிநாட்டுப் பயணிகள் பலர் உயிரிழந்தனர். நமக்கு வெயில் புதிதல்ல என்ற நினைப்பு இங்கே உதவாது. நிழலற்ற சுண்ணாம்புப் பாறை கீழிருந்தும் சுடும், வழியில் டீக்கடையும் இருக்காது. காட்டுத்தீயும் இந்த மாதங்களில்தான். 2023 ஜூலையில் கிரேக்கத்தின் ரோட்ஸ் தீவில் ஏறத்தாழ 19,000 பேரை வெளியேற்ற வேண்டியிருந்தது. தீ அபாயம் கூடிய நாட்களில் பிரான்சின் கோர்சிகாவிலும் கிரேக்கத்தின் கிரீட்டிலும் மலைப்பாதைகளை அதிகாரிகளே மூடிவிடுகிறார்கள். இந்த இரண்டு மாதங்கள்தான் உங்களுக்கு என்றால் உயரமான மலை உள்ள தீவைத் தேர்ந்தெடுங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேலே பைன் மரக் காட்டில் காலை நேரம் தாங்கக்கூடியதாக இருக்கும்.

நவம்பர் முதல் மார்ச் வரை சிறு தீவுகள் கதவைச் சாத்திக்கொள்ளும். ஓட்டல்கள் மூடியிருக்கும், படகுகள் குறைந்துவிடும். அப்போதும் உயிரோட்டத்தோடு இருப்பவை சிசிலி, மால்டா, சைப்ரஸ், கிரீட் போன்றவை மட்டும்.

இரண்டாம் படி: காற்று எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான வழிகாட்டிகள் காற்றுக்கு ஒரே வரி ஒதுக்கிவிட்டு உணவகங்களுக்குப் போய்விடுகின்றன. என் கணக்கில் தீவுத் தேர்வின் பாதி காற்றில் இருக்கிறது.

ஏஜியன் கடலில், அதாவது கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் இடையில், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மெல்டெமி என்னும் வாடைக்காற்று அடிக்கிறது. வானம் நீலமாக, மேகமே இல்லாமல் இருக்கும்போதே நாட்கணக்கில் விடாமல் வீசும். இதற்கும் நம் பருவமழைக்கும் உறவுண்டு: கோடையில் தெற்காசியாவின் மீது உருவாகும் வெப்பத் தாழ்வழுத்தத்தின் ஒரு கை துருக்கி வரை நீள்கிறது, பால்கன் பகுதியின் மீது உயரழுத்தம் நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே ஏஜியன் கடல் காற்றுக் குழாயாகிவிடுகிறது. நக்ஸோஸ், பாரோஸ், மிக்கோனோஸ் அடங்கிய சிக்லடீஸ் தீவுக்கூட்டம் அந்தக் குழாயின் நடுவில் இருக்கிறது. வெப்பத்தை இக்காற்று தணிக்கும். ஆனால் வடக்கு நோக்கிய கடற்கரைகளில் மணல் முகத்தில் அறையும், அலை எழும், சிறு படகுகள் நிற்கும். பாய்மரச் சறுக்கு விளையாடுவோருக்குக் கொண்டாட்டம். நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு மீன் பார்க்க விரும்புவோருக்குத் திண்டாட்டம்.

கிரேக்கத்தின் மேற்குப் பக்கத்தில், அயோனியன் கடலில் இருக்கும் கோர்ஃபு, கெஃபலோனியா, ஸாகிந்தோஸ் தீவுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. பிற்பகலில் ஒரு காற்று எழுந்து மாலையில் அடங்கும், அவ்வளவே. மழையும் அங்கே அதிகம் என்பதால் சைப்ரஸ் (cypress) என்னும் ஊசியிலை மரங்களும் ஒலிவத் தோப்புகளும் கரைவரை வந்து நிற்கின்றன.

மேற்குப் பகுதியில் ஆட்சி செய்வது மிஸ்ட்ரல். பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கு வழியாக இறங்கிக் கோர்சிகாவின் மேற்குக் கரையையும் இத்தாலியின் சார்டினியாவையும் தாக்கும். மயோர்கா, மெனோர்கா, இபிசா அடங்கிய பலேயாரிக் தீவுகளில் வடக்கிலிருந்து வருவதைத் திரமுந்தானா என்கிறார்கள். எதிர்த்திசையில், சகாராவிலிருந்து வரும் சிரோக்கோ வெப்பமும் செம்மண் தூசியுமாக வந்து இரண்டு மூன்று நாட்கள் எல்லாவற்றையும் மங்கலாக்கிவிட்டுப் போகும்.

இதிலிருந்து கிடைக்கும் நடைமுறைப் பாடம் எளிது. எல்லாத் திசைகளிலும் கடற்கரை உள்ள, ஒரு கரையிலிருந்து எதிர்க் கரைக்கு அரை மணி நேரத்தில் போய்விடக்கூடிய தீவுதான் பாதுகாப்பான தேர்வு. மெனோர்கா இதற்கு மிகச் சிறந்த உதாரணம். வடக்கிலிருந்து காற்று அடித்தால் தெற்கு. தெற்கிலிருந்து அடித்தால் வடக்கு. உள்ளூர்க்காரர்கள் காலையில் காற்றுத் திசையைப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் கரைக்குப் போவது என்று பேசுவார்கள். நீங்களும் கைபேசியில் ஒரு காற்று வரைபடச் செயலியை வைத்துக்கொண்டு அதையே செய்யலாம். மழை முன்னறிவிப்பைவிட இங்கே அதுதான் தினமும் பயன்படும்.

மூன்றாம் படி: நிலம் எத்தகையது?

தீவு எந்தப் பாறையால் ஆனது என்பது கடற்கரையையும் நீரின் நிறத்தையும் நடைபாதையையும் தீர்மானிக்கிறது.

சுண்ணாம்புக்கல் தீவுகளில் மழைநீர் பாறையைக் கரைத்துக் குகைகளையும் ஆழமான பிளவுப் பள்ளத்தாக்குகளையும் குடைந்திருக்கும். வெள்ளைக் கூழாங்கல் அல்லது வெண்மணல், அதன்மேல் பச்சை கலந்த நீலநீர். கிரீட், கெஃபலோனியா, மெனோர்காவின் தென்பாதி, குரோஷியத் தீவுகள் இந்த வகை. கருங்கல் வகைப் பாறையால் ஆனவை கோர்சிகாவின் பெரும்பகுதியும் சார்டினியாவின் வடகிழக்கும். உருண்டு திரண்ட பெரும் பாறைகள், இடையே பருமணல், உள்ளே வற்றாத ஓடைகள். எரிமலைத் தீவுகளான லிப்பாரி, ஸ்ட்ரோம்போலி, மிலோஸ் ஆகியவற்றில் கரு மணலும் விசித்திர நிறப் பாறைகளும் கிடைக்கும். குடிநீரும் நிழலும் அரிது. ஸ்ட்ரோம்போலியின் எரிவாயைப் பார்க்க ஏறுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளன. எரிமலையின் மனநிலையைப் பொறுத்து அவை மாறிக்கொண்டே இருக்கும்.

பச்சை வேண்டும் என்றால் உயரத்தைப் பாருங்கள். மலை உயர்ந்தால் மேகம் தங்கும், நீர் கிடைக்கும், காடு நிற்கும். கோர்சிகாவின் மோன்தே சின்தோ 2,706 மீட்டர். கிரீட்டின் சிலோரிட்டிஸ் 2,456 மீட்டர். சைப்ரஸின் ஒலிம்பஸ் 1,952 மீட்டர். சார்டினியாவின் மிக உயர்ந்த சிகரம் 1,834 மீட்டர். கெஃபலோனியாவின் அய்னோஸ் 1,628 மீட்டர்; அந்தத் தீவின் பெயரையே தாங்கிய ஃபிர் மரக் காடு அங்கே இருக்கிறது. மெனோர்காவில் 358 மீட்டருக்கு மேல் எதுவுமில்லை. அங்கே மலையேற்றம் என்ற பேச்சே எழாது, கரையோர நடைதான்.

நான்காம் படி: எப்படிச் சுற்றப் போகிறீர்கள்?

வரைபடத்தில் தீவு என்றால் சிறியது என்று தோன்றும். கிரீட் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர். கோர்சிகாவில் 150 கிலோமீட்டர் தூரமுள்ள அஜாக்சியோ–பாஸ்தியா பயணத்துக்கு மூன்று மணி நேரம் வரை ஆகும். மலை வளைவுகளும் சாலையில் படுத்திருக்கும் பசுக்களும் பன்றிகளும் நேரத்தைத் தின்னும். ஒரு வாரத்தில் "முழுத் தீவையும் பார்க்கிறோம்" என்று கிளம்பினால் காரின் முன்கண்ணாடி வழியாக மட்டுமே பார்க்க முடியும். ஒரு வாரத்துக்கு ஒரு தங்குமிடம், பத்து நாளுக்கு இரண்டு. அதற்கு மேல் பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதிலேயே நாள் போய்விடும்.

கார் ஓட்டுபவராக இருந்தால், இந்தியாவில் இருந்து வருபவர்கள் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே வாங்கிவர வேண்டும். வாடகை நிறுவனங்கள் முன்பணத்துக்கு ஓட்டுநரின் பெயரிலேயே உள்ள கிரெடிட் கார்டைக் கேட்கும். மால்டாவிலும் சைப்ரஸிலும் நம் ஊரைப் போலவே சாலையின் இடப்பக்கம் ஓட்டுகிறார்கள். மற்ற எல்லாத் தீவுகளிலும் வலப்பக்கம். மண்சாலையில் ஏற்படும் சேதத்துக்குப் பல நிறுவனங்களின் காப்பீடு பொருந்தாது. கிரீட்டின் பாலோஸ் கடற்கரைக்குப் போகும் கரடுமுரடான சாலையில் இது நினைவிருக்கட்டும்; கிசாமோஸ் துறைமுகத்திலிருந்து படகிலும் அங்கே போகலாம்.

கார் இல்லாமலும் முடியும், இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால். கிரீட்டின் பஸ் சேவை நம்பத்தக்கது. மெனோர்காவில் கோடையில் முக்கியக் கடற்கரைகளுக்கு பஸ் உண்டு. கோர்சிகாவில் பஸ்ஸை நம்ப வேண்டாம், ரயிலை நம்புங்கள். அதைப் பற்றி அடுத்து வருகிறது.

ஐந்தாம் படி: தீவைத் தேர்ந்தெடுங்கள்

*முதல் முறை போகிறவருக்கு: மெனோர்கா.* ஸ்பெயினின் இந்தத் தீவு ஏறத்தாழ 700 சதுர கிலோமீட்டர். 1993 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். பக்கத்துத் தீவுகளான மயோர்காவும் இபிசாவும் ஓட்டல்களால் நிரம்பியபோது இது தப்பித்துக்கொண்டது. தீவைச் சுற்றி 185 கிலோமீட்டர் நீளத்துக்கு காமி டி கவால்ஸ் என்னும் பழைய குதிரைப்பாதை ஓடுகிறது. கடற்கொள்ளையரைக் கண்காணிக்கக் காவலர்கள் பயன்படுத்திய வழி அது; இப்போது 20 பகுதிகளாகப் பிரித்து அடையாளம் இட்டிருக்கிறார்கள். முழுதும் நடக்க வேண்டியதில்லை. தெற்கில் காலா மித்ஜானா, துர்கேத்தா, மக்கரேயா என்று பைன் மரங்களுக்கு நடுவே வெண்மணல் குடாக்கள்; ஒன்றிலிருந்து அடுத்ததற்கு நடந்து, ஒவ்வொன்றிலும் நீந்தலாம். வடக்கில் பாறை திடீரென்று சிவப்பும் கருமையுமாக மாறுகிறது; காலா பிரகோந்தாவின் மணலே செம்மையானது. ஒரே தீவில் இரண்டு நிலவியல் வரலாறுகள் தோளோடு தோள் நிற்கின்றன. கிழக்கில் எஸ் கிராவ் பகுதியில் உள்ள காயலில் நீர்ப்பறவைகள். ஆகஸ்டில் மக்கரேயா பக்கம் போகாதீர்கள். அந்த மாதத்தில் அங்கே மணல் தெரியாது.

*நடையில் தேறியவருக்கு: கிரீட்டின் தென்மேற்கு.* கிரீட் முழுவதையும் ஒரே தீவாகப் பேசுவது தவறு. வடகரை முழுக்க நெடுஞ்சாலை, விமான நிலையங்கள், ஓட்டல்கள். தென்மேற்குக் கரையில் வெள்ளை மலைகள் நேராகக் கடலில் இறங்குகின்றன. சாலை போட முடியாததால் ஊர்களைப் படகுகளே இணைக்கின்றன. பாலியோகோரா, சூகியா, அயியா ரூமெலி, லூட்ரோ, கோரா ஸ்ஃபாகியோன் ஆகியவற்றை ஒரே படகு வழி கோக்கிறது. இவற்றில் அயியா ரூமெலிக்கும் லூட்ரோவுக்கும் கார் போகாது.

சமாரியா பள்ளத்தாக்கு இங்கேதான். 1962 முதல் தேசியப் பூங்கா. ஓமாலோஸ் மேட்டில் 1,200 மீட்டருக்கு மேலே தொடங்கி, 16 கிலோமீட்டர் இறங்கி, அயியா ரூமெலியில் கடலைத் தொடும். இறுதிப் பகுதியில் இருபுறமும் 300 மீட்டர் உயரச் சுவர்கள் நெருங்கிவந்து, நான்கு மீட்டர் அகலமே மிஞ்சும். பொதுவாக மே முதல் அக்டோபர் வரைதான் திறந்திருக்கும். வசந்தகாலத்தில் வெள்ளமும் கோடையில் வெப்பமும் அதை மூடிவிடக்கூடும். ஏறுவதைவிட இந்த இறக்கம் முழங்காலைப் பதம் பார்க்கும் என்று எச்சரிக்க வேண்டும். எல்லாரும் அன்றே படகேறி, பிறகு பஸ் பிடித்து, வடகரை நகரான சானியாவுக்குத் திரும்புகிறார்கள். நீங்கள் அயியா ரூமெலியில் ஓர் இரவு தங்குங்கள். மாலை ஐந்தரைக்குப் பிறகு ஊர் உங்களுடையது. மறுநாள் கரையோரப் பாதையில் லூட்ரோ வரை நடக்கலாம். லூட்ரோவுக்குக் கிழக்கே கிளிகா நேரா கடற்கரை: கூழாங்கற்களைக் கையால் தோண்டினால் மலையிலிருந்து கசியும் நன்னீர் ஊறும், கடல் விளிம்பிலேயே.

16 கிலோமீட்டர் முடியாதவர்களுக்கு அதில் பாதி நீளமுள்ள இம்ப்ரோஸ் பள்ளத்தாக்கு போதும். கூட்டமும் குறைவு.

*மலைதான் முதலில், கடல் பிறகு என்பவருக்கு: கோர்சிகா.* பிரான்சுக்குச் சொந்தமான இந்தத் தீவின் முதுகெலும்பில் ஜிஆர் 20 என்னும் பாதை ஏறத்தாழ 180 கிலோமீட்டர் ஓடுகிறது. ஐரோப்பாவின் கடினமான நெடும்பாதைகளில் ஒன்று. விடுமுறைக்காரர்கள் முழுதும் நடக்க நினைக்க வேண்டாம். ஆனால் அதன் நடுப்பகுதிக்கு ரயிலில் போய்விடலாம் என்பது பலருக்குத் தெரியாது. அஜாக்சியோவிலிருந்து குறுகிய பாதை ரயிலில் சுமார் ஒரு மணி நேரத்தில் விஸ்ஸவோனா நிலையம். சுற்றிலும் பீச் மரமும் நெடிதுயர்ந்த லாரிசியோ பைன் மரமும் அடர்ந்த காடு, நடந்து போகும் தூரத்தில் அருவிகளும் குளிக்கத்தக்க பாறைக் குளங்களும். அதே ரயில் பாதையின் கிளை கால்வி வரை போகிறது. அங்கே ரயில் பைன் தோப்பையும் மணற்கரையையும் ஒட்டியே ஓடும். மூன்று நாள் விஸ்ஸவோனாவும் நான்கு நாள் கால்வியும் வைத்தால் கார் இல்லாமலே மலையும் கடலும் கிடைத்துவிடும். கார் உள்ளவர்கள் போர்த்தோ வளைகுடாவுக்குப் போகட்டும்: பியானாவின் செம்பாறைக் கோபுரங்களும் ஸ்கந்தோலா இயற்கைக் காப்பகமும் 1983 முதல் உலக மரபுச் சின்னங்கள். ஆகஸ்டில் பிற்பகல் இடிமழையை அலட்சியம் செய்யாதீர்கள். 2022 ஆகஸ்ட் 18 அன்று மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டி வீசிய திடீர்ப் புயல் மரங்களைச் சாய்த்து, கூடார முகாம்களில் இருந்தவர்களின் உயிரைப் பறித்தது. தெற்கு முனையான போனிஃபாசியோவிலிருந்து சார்டினியா படகில் ஒரு மணி நேரம்தான்.

*அமைதி மட்டும் போதும் என்பவருக்கு: மிலியெத் அல்லது அலோனிசோஸ்.* குரோஷியாவின் மிலியெத் தீவில் மேற்குப் பகுதி 1960 முதல் தேசியப் பூங்கா. காட்டுக்குள் இரண்டு உப்புநீர் ஏரிகள். பெரியதன் நடுவே சிறு திட்டில் பழைய பெனடிக்டின் மடாலயம். ஏரி நீர் கடலைவிட முன்னதாகவே சூடேறும், குழந்தைகளுக்கு ஏற்றது. இந்தத் தீவின் காட்டில் கீரி ஓடுவதைக் கண்டால் வியக்காதீர்கள்; விரியன் பாம்புகளை ஒழிக்க 1910இல் கொண்டுவந்து விட்ட இந்தியச் சிறு கீரியின் வாரிசுகள் அவை. பாம்பு குறைந்தது, பிறகு பறவைகளும் குறைந்தன. டுப்ரோவ்னிக்கிலிருந்து படகு.

அலோனிசோஸ் வடக்கு ஏஜியனில், ஸ்கியாதோஸ் விமான நிலையத்திலிருந்து படகில் எட்டும் தூரத்தில் உள்ளது. அதைச் சுற்றியுள்ள கடல் 1992 முதல் தேசியக் கடற்பூங்கா. மத்தியதரைக் கடல் துறவிச் சீல் என்னும் அருகிய விலங்கின் புகலிடம். சீலைப் பார்த்தே தீருவேன் என்று போனால் ஏமாற்றமே. பைன் காடும் கூழாங்கல் குடாக்களும் உறுதியாகக் கிடைக்கும்.

*இலையுதிர்காலத்தின் கடைசியில் போகிறவருக்கு: சைப்ரஸின் மேற்கு.* அக்டோபர் இறுதியிலும் நீந்தலாம். அகாமாஸ் தீபகற்பத்தின் லாரா கடற்கரையில் பச்சைக் கடலாமையும் பெருந்தலைக் கடலாமையும் கோடையில் முட்டையிடுகின்றன. உள்ளே ட்ரூடோஸ் மலையில் பைன், தேவதாரு. துபாயிலிருந்து லார்னகாவுக்கு விமானம் இருப்பதால் சென்னை, கொழும்பு பயணிகளுக்கு வழியும் எளிது.

சார்டினியாவுக்குத் தனிக் கட்டுரையே வேண்டும். ஒரோசெய் வளைகுடா மட்டும் போதும் ஒரு வாரத்துக்கு. மயோர்காவில் கடற்கரையை மறந்துவிட்டுத் திரமுந்தானா மலைத்தொடருக்குப் போங்கள். மால்டாவில் மரமே அரிது. அங்கே போவது முழுகி நீந்தவும் வரலாற்றுக்காகவும். அதன் பக்கத்துத் தீவான கோசோ கொஞ்சம் பசுமை. இன்னும் சில பழைய விளம்பரங்களில் தெரியும் கோசோவின் நீலச் சாளரப் பாறை வளைவு 2017 மார்ச் 8 அன்று கடலில் இடிந்து விழுந்துவிட்டது.

ஆறாம் படி: கடற்கரையைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கரையில் பழுப்பு நிறத்தில் காய்ந்த நாடாக்கள் முழங்கால் உயரத்துக்குக் குவிந்து கிடப்பதைக் கண்டு "குப்பை" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. அது பொசிடோனியா என்னும் கடற்புல்லின் உதிர்ந்த இலை. பாசி அல்ல, பூத்துக் காய்க்கும் செடி, இந்தக் கடலுக்கே உரியது. கடலடியில் புல்வெளியாக வளர்ந்து மீன்குஞ்சுகளுக்கு இடம் தருகிறது, வண்டலைப் பிடித்து வைத்து நீரைத் தெளிவாக்குகிறது. கரையில் குவிந்த இலைகள் குளிர்கால அலை மணலை அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்கின்றன. இலைக் குவியல் உள்ள கடற்கரைக்கு முன்னால்தான் நீர் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். இபிசாவுக்கும் ஃபோர்மென்தேராவுக்கும் இடையிலான புல்வெளிகள் 1999இல் உலக மரபுச் சின்னமாயின. பலேயாரிக் அரசு 2018இல் அவற்றின் மேல் நங்கூரம் போடுவதைத் தடை செய்தது. படகு வாடகைக்கு எடுத்தால் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சார்டினியாவில் மணலையோ கிளிஞ்சலையோ பையில் போட்டுக்கொண்டால் 500 முதல் 3,000 யூரோ வரை அபராதம். விமான நிலையத்தில் பெட்டியைச் சோதிக்கிறார்கள். புதெல்லியின் இளஞ்சிவப்புக் கடற்கரையில் 1994 முதல் யாரும் கால் வைக்கக் கூடாது. லா பெலோசா கடற்கரைக்குக் கோடையில் முன்பதிவும் கட்டணமும் உண்டு. துண்டுக்கு அடியில் பாய் விரிக்க வேண்டும், மணல் ஒட்டிக்கொண்டு போகாமல் இருக்க. ஸாகிந்தோஸின் லகனாஸ் வளைகுடாவில் ஆமைகள் முட்டையிடும் கரைகளுக்கு இரவில் அனுமதி இல்லை. மணலில் குடைக் கம்பை ஆழமாக நடவும் கூடாது.

ஏற்றவற்றம் இங்கே மிகக் குறைவு, அலையும் பெரும்பாலும் சிறியது. அதனால் அபாயமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். சிறு கடற்கரைகளில் உயிர்காப்பாளர் இருக்க மாட்டார். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றில் காற்றடைத்த மிதவைகளைக் குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். அவை நிமிடங்களில் கரையை விட்டு விலகிவிடும். பாறைக் கரைகளில் முள் பந்து போன்ற கடல் முள்ளெலி அதிகம், ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள். மேற்குப் பகுதியில் ஊதா நிறச் சிறு ஜெல்லி மீன் கொட்டினால் தேய்க்காமல் கடல்நீரிலேயே கழுவ வேண்டும். நன்னீர் பட்டால் எரிச்சல் கூடும். சூயஸ் கால்வாய் வழியாக வந்த நச்சு முள் கொண்ட சிங்கமீன் இப்போது சைப்ரஸ் கடலில் சாதாரணம். பார்க்கலாம், தொட வேண்டாம். அவசர உதவிக்கு எல்லாத் தீவுகளிலும் எண் 112.

சைவ உணவுக்காரர்களுக்கு ஒரு நல்ல செய்தி. கிரேக்கத்திலும் சைப்ரஸிலும் திருச்சபை நோன்பு மரபு இருப்பதால், இறைச்சியும் பாலும் இல்லாத சமையல் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. நோன்பு உணவு என்று பொருள்படும் 'நிஸ்திசிமா' என்ற சொல்லைச் சொன்னால் போதும். பெரிய வெள்ளை மொச்சை, மலைக்கீரை, அரிசி அடைத்த தக்காளி எல்லாம் வரும். கடலுணவுகளான கணவாயும் இறாலும் நோன்பில் அனுமதிக்கப்படும் என்பதால் அவை வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள். கோர்சிகாவில் பன்றியும் பாலாடைக்கட்டியும்தான் அரசர்கள். அங்கே சமையலறை உள்ள வீட்டை எடுப்பது மேல்.

ஏழாம் படி: விசாவும் முன்பதிவும்

கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின், பிரான்ஸ், மால்டா, குரோஷியா எல்லாம் ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஷெங்கன் பகுதி. குரோஷியா 2023 ஜனவரியில் சேர்ந்தது, யூரோவும் அப்போதே வந்தது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். கோடைக்கு நேர்காணல் நேரம் கிடைப்பது கடினம் என்பதால் அந்த ஆறு மாதத்தை முழுதும் பயன்படுத்துங்கள். அதிக நாட்கள் தங்கும் நாட்டிடமே விண்ணப்பிக்க வேண்டும். கோர்சிகாவில் ஆறு நாள், சார்டினியாவில் நான்கு நாள் என்றால் பிரான்ஸ். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

சைப்ரஸ் யூரோவைப் பயன்படுத்துகிறது, ஆனால் ஷெங்கனில் இல்லை; சேர முயன்றுகொண்டிருக்கிறது. பல்முறை நுழைவுக்கான ஷெங்கன் விசா வைத்திருப்பவர்களை அது ஏற்றுக்கொள்கிறது. விதிகள் மாறும் காலம் என்பதால் புறப்படுமுன் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

விசா கிடைக்கும் முன் பணம் திரும்பக் கிடைக்கும் அறைகளை மட்டும் பதிவு செய்யுங்கள். அடுத்து விமானம், பிறகு கார். ஜூலை, ஆகஸ்டில் சிறு தீவுகளில் கார்கள் தீர்ந்துபோகும் என்பதால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. கிரேக்கப் படகுகளின் கோடை அட்டவணை தாமதமாகவே வெளியாகும்; அதற்காகப் பதற வேண்டாம், உள்ளூர்ச் சிறு படகுகளுக்குத் துறைமுகத்திலேயே டிக்கெட் கிடைக்கும். காற்று வலுத்தால் விரைவுப் படகுகள் முதலில் நிற்கும். இன்னும் வலுத்தால் துறைமுக அதிகாரிகள் பெரிய கப்பல்களையும் நிறுத்திவிடுவார்கள். இரண்டு தீவுகளைச் சேர்த்துப் போகிறவர்கள் விமான நிலையம் இல்லாத தீவை முதலில் வைத்துக்கொண்டு, கடைசி இரவை விமானம் ஏறும் ஊரில் கழிக்கும்படி திட்டமிடுங்கள். கப்பல் நின்றதால் தவறிய விமானத்துக்குப் பணம் திரும்ப வராது.